சின்னக்கானல் சரிவில் படர் ஜூனிபர்: வடிகால், மேடு, கவாத்து, செலவு

சின்னக்கானல் பக்கம் கிழக்கு பார்த்த ஒரு மண்சரிவு. நீளம் 40 அடி, சரிவோடு சரிவாக டேப் பிடித்தால் 12 அடி, ஆக 480 சதுர அடி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர். இந்தச் சரிவைப் படர் ஜூனிபர் என்ற ஊசியிலைச் செடியால் மூடும் வேலை இப்போதுதான் கைகூடியிருக்கிறது. தென்மேற்குப் பருவமழை முழுக்கப் பெய்து ஓய்ந்த பிறகும் கீழ் வரிசையில் ஒரு செடிகூடக் கருகவில்லை. முதல் நடவில் இதே கீழ்ப்பகுதி மொத்தமாகப் போனது. இரண்டு நடவுக்கும் இடையில் செடி மாறவில்லை. முக்கியமாகத் தண்ணீர் போகும் வழிதான் மாறியது. மூணாறு, வட்டவடை, தேவிகுளம், போடிமெட்டு பக்கம் இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக அளவுகளோடு எழுதிவைக்கிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக வளரும் ஊசியிலை இனம் என்று சொல்ல இருப்பது நாகெயா வல்லிச்சியானா ஒன்றுதான். அது காட்டுக்குள் ஓங்கி வளரும் மரம். தரையோடு படரும் ஊசியிலைச் செடிகள் எல்லாமே வெளியிலிருந்து வந்தவை. ஜூனிபரஸ் ஹொரிசான்டாலிஸ் வட அமெரிக்கப் பாறைமேடுகளிலும் மணல்வெளிகளிலும் வளர்வது. ஜூனிபரஸ் புரோகம்பென்ஸ் ஜப்பானியக் கடலோரத்துச் செடி. ஜூனிபரஸ் கான்ஃபெர்டா கடற்கரை மணல்மேட்டிலேயே வேரோடுவது. குளிரையும் காற்றையும் இவை பொருட்படுத்துவதில்லை. ஜனவரியில் மூணாறு பள்ளத்தாக்குகளில் விழும் உறைபனிகூட இவற்றுக்குப் பெரிதல்ல. வேர் மட்டும் நனைந்த களிமண்ணில் நிற்கக்கூடாது. நம் மலையில் ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை அதுதான் நடக்கிறது.

செடியைப் பார்த்து வாங்குவது

நர்சரிகளில் இவை எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே பெயர்தான், ‘கிரீப்பிங் ஜூனிபர்’. அதனால் இலையைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஹொரிசான்டாலிஸ் வகைகளில் முதிர்ந்த கிளையின் இலை செதில் செதிலாகத் தண்டோடு ஒட்டியிருக்கும், தடவினால் கையைக் குத்தாது. ‘புளூ ரக்’ இந்த இனம். 4 முதல் 6 அங்குல உயரத்துக்கு மேல் எழாமல் 6 அடிக்கும் மேல் படரும். புரோகம்பென்ஸில் ஊசிகள் மும்மூன்றாக இருக்கும், குத்தும். ஊசியைப் புரட்டினால் அடிப்பக்கத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அதன் ‘நானா’ வகை ஓர் அடி உயரம் வரை மேடு கட்டும், வளர்ச்சி மெதுவு. கான்ஃபெர்டாவின் ஊசி இன்னும் நீளம், மேல்பக்கத்தில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு ஆழமாக ஓடும், மூன்றிலும் அதிகமாகக் குத்துவது அதுதான்.

இந்தச் சரிவில் மேலே புரோகம்பென்ஸ் நானா, கீழே புளூ ரக். கீழே ஓடும் தண்ணீருக்கு மண்ணைப் பிடித்துவைக்க வேகமாகப் படர்வது வேண்டும் என்பதால் அப்படிப் பிரித்தோம். புளூ ரக்குக்கு ஒரு பலவீனம் உண்டு. நுனிக்கருகல் அதற்குச் சீக்கிரம் வரும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

வாங்கும்போது இலையைவிட வேர்க்கட்டியைப் பாருங்கள். சமவெளி நர்சரிச் செடிகள் பலவும் பிசுபிசுப்பான செம்மண் உருண்டையில் வருகின்றன. அந்த உருண்டையை அப்படியே புதைத்தால் சுற்றியிருக்கும் மண் உலர்ந்தாலும் உருண்டைக்குள் ஈரம் விடாது. காய்ந்தாலோ செங்கல் மாதிரி இறுகி, ஊற்றும் தண்ணீர் பக்கவாட்டில் வழிந்துவிடும். வாளித் தண்ணீரில் வைத்து வெளிப்புற மண்ணில் பாதியைக் கரைத்துவிட்டு, பைக்குள் வட்டமாகச் சுற்றிய வேரை விரலால் பிரித்துவிட்டு நட வேண்டும். முழுக்கக் கழுவி வேரை மொட்டையாக்கக் கூடாது, ஊசியிலைச் செடி அதைத் தாங்காது.

முதல் நடவு ஏன் தோற்றது

3 அடி இடைவெளி, முக்கோண நடவு, 62 செடி. தேயிலைக்கும் ஏலத்துக்கும் எடுப்பது போலவே ஒன்றரை அடிக் குழி, உள்ளே மாட்டெருவும் தென்னைநார்க் கழிவும். இதில் குழிதான் வினை. சுற்றிலும் இறுகிய களிமண், நடுவில் பஞ்சு போன்ற எரு. மழைநீர் மொத்தமும் அந்தக் குழிக்குள் இறங்கி வெளியேற வழியில்லாமல் நிற்கும். சரிவின் மேல் மூன்று வரிசையில் நீர் எப்படியோ பக்கவாட்டில் கசிந்து கீழே போய்விட்டது. கீழ் இரண்டு வரிசைக்கு மேலேயிருந்து கசிவதும் சேர்ந்துகொண்டது.

அறிகுறி ஜூலையிலேயே தெரியும், ஆனால் ஏமாற்றும். ஜூனிபர் செத்தபிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே தெரிகிற செடி. முதலில் பளபளப்புதான் போகும், பிறகு நிறம் சாம்பலடிக்கும், அப்புறம்தான் வைக்கோல் நிறம். அந்தச் சாம்பல் கட்டத்தில் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். ஒரு சிறு வேரை இரு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை கழன்று கையோடு வரும், உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நகத்தால் சுரண்டினால் உள்பட்டை வெள்ளையாக இருக்காது, லவங்கப்பட்டை நிறத்தில் பழுத்திருக்கும். இது பைட்டோப்தோரா என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிரியால் வரும் வேரழுகல். மிளகு வாடலுக்கும் ஏலத்தின் அழுகலுக்கும் காரணமான அதே குடும்பம். மிளகோ ஏலமோ வைத்திருப்பவர்களுக்கு இதன் போக்கு புதிதல்ல.

வேரழுகிய செடியை மருந்து காப்பாற்றாது. பிடுங்கி எடுத்து, குழி மண்ணையும் அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். பக்கத்துச் செடிகளுக்கு, மிளகுக்கு ஊற்றுவது போலப் பொட்டாசியம் பாஸ்போனேட் லிட்டருக்கு 3 மில்லி கலந்து தூரில் ஊற்றினோம். அது பரவலை நிறுத்த ஒரு கைத்தடி, அவ்வளவே. தண்ணீர் தேங்கும்வரை நோய் திரும்பத் திரும்ப வரும்.

வடிகால்

மறுபடி நடுமுன் குழிச் சோதனை. ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் குழி எடுத்து, நீர் நிரப்பி வற்றவிட்டு, இரண்டாம் முறை நிரப்பி, ஒரு குச்சியில் அடையாளம் போட்டு மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். சரிவின் தலையில் தாராளமாக இறங்கியது. அடியில் அரை அங்குலம்கூட இல்லை. இந்தச் சோதனையைச் சரிவின் உச்சி, நடு, அடி என மூன்று இடத்திலும் செய்ய வேண்டும். உச்சியில் மட்டும் பார்த்துவிட்டுச் செடி வாங்கப் போகக்கூடாது.

முதல் வேலை சரிவுக்கு மேலே. மேட்டிலிருந்து ஓடிவரும் நீரைத் திருப்ப, தலைக்கு ஓர் அடி தள்ளி, ஓர் அடி அகலமும் முக்கால் அடி ஆழமும் கொண்ட குறுக்கு வாய்க்கால். இதற்கு மண்வெட்டியும் ஆளும் போதும்.

அடியில் ஜல்லி வடிகால். 40 அடி நீளம், ஓர் அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், அதாவது 60 கன அடி. வாட்டம் நூற்றுக்கு ஒன்று. 40 அடிக்கு ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் கிட்டத்தட்ட 5 அங்குலம் இறக்கம். கொத்தனார் பிடிக்கிற லெவல் டியூப் இருந்தால் இரண்டு பேர் சுலபமாகப் பார்த்துவிடலாம், கண்மதிப்பு இங்கே உதவாது. பள்ளத்தில் நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ துணியை விரித்து, 2 அங்குலம் 20 மி.மீ. ஜல்லி போட்டு, அதன் மேல் 4 அங்குல பி.வி.சி. குழாய். குழாயில் 8 மி.மீ. டிரில் பிட்டால் 6 அங்குலத்துக்கு ஒன்றாக இரண்டு வரிசைத் துளை. துளைகள் கீழ்ப்பக்கமாக, கடிகாரத்தில் 4, 8 இருக்கும் இடங்களில் வர வேண்டும். மேல்நோக்கி வைத்தால் பள்ளத்தில் நீர் துளை மட்டம்வரை ஏறிய பிறகுதான் உள்ளே போகும், அதற்குள் மண் ஊறிவிடும். மேலே மறுபடி ஜல்லி, துணியை மடித்து மூடி, அதன் மேல் 3 அங்குல மண்.

கிரஷர் பொடியை வடிகாலுக்கோ நடவுக்கோ எடுக்க வேண்டாம். மலிவு என்று லாரிக்காரர் சேர்த்துத் தருவார். இரண்டு மழையில் அது சிமென்ட் போல இறுகிவிடும். ஜல்லியும் தூசு இருந்தால் சல்லடையில் அலசிப் போடுவது நல்லது.

மேடு கட்டி நடுதல்

குழியே எடுக்கவில்லை. தரையை முள்கரண்டியால் 6 அங்குலம் கிளறிவிட்டு, அதன் மேல் 2 அடி விட்டம், 8 அங்குல உயரத்தில் மேடு. இரண்டு பங்கு அதே இடத்து மேல்மண், ஒரு பங்கு 6 மி.மீ. ஜல்லி. எரு கிடையாது. ஒரு மேட்டுக்கு மொத்தம் ஒன்றேகால் கன அடி வரும். வேர்க்கட்டியின் தலை மேட்டு மட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலே நிற்க வேண்டும். மண் அமர்ந்ததும் சரியாகிவிடும். மட்டத்துக்குச் சமமாக நட்டால் அமர்ந்த பிறகு தூரைச் சுற்றிப் பள்ளம் விழும்.

தேயிலை இருந்த மண் ஆகையால் புளிப்பு அதிகம், மண் பரிசோதனையில் 4.6. ஜூனிபருக்கு 5.8-க்கு மேல் இருந்தால் நிம்மதி. சதுர மீட்டருக்கு 200 கிராம் வீதம் 480 சதுர அடிக்கு 9 கிலோ டோலமைட் தூவி, கிளறி, ஒன்றரை மாதம் ஆறவிட்டோம்.

நடவுக் காலம் செப்டம்பர் பின்பாதி. தேயிலைக்காரர்களும் ஏலக்காரர்களும் ஜூன் முதல் மழையில் நடுவதையே பழக்கமாக வைத்திருக்கிறோம், ஜூனிபருக்கு அது தலைகீழ். தென்மேற்கு ஓய்ந்து வெயில் எட்டிப்பார்க்கும்போது நட்டால், அக்டோபர், நவம்பரில் வரும் வடகிழக்கு மழை இடைவெளி விட்டுப் பெய்து வேரை இறக்கிவிடும். பிப்ரவரி வறட்சிக்குள் செடி நின்றுவிடும். அடுத்த ஜூன் வரும்போது அதற்கு எட்டு மாத வேர் இருக்கும்.

மண் சரியாமல் இருக்கத் தென்னைநார்க் கயிற்று வலை, சதுர மீட்டருக்கு 400 கிராம் எடையுள்ளது. மேலிருந்து கீழாக விரித்து, ஓரங்கள் அரை அடி ஒன்றன்மேல் ஒன்று ஏற, இரும்புக் கம்பியை U வடிவில் வளைத்து அடித்தோம். களைத்துணி என்று விற்கும் கருப்புப் பிளாஸ்டிக் துணியை நான் பரிந்துரைக்க மாட்டேன். படரும் கிளை மண்ணைத் தொட்டு வேர்விடுவதுதான் ஹொரிசான்டாலிஸின் பலம். பிளாஸ்டிக் அதைத் தடுத்துவிடும், சரிவில் அதன் அடியில் நீர் ஓடி மண்ணையும் அரிக்கும். கயிறு இரண்டு மூன்று வருடத்தில் மக்கிப்போகும், அதற்குள் செடி மூடிவிடும்.

வலையின் மேல் 12 மி.மீ. உடைகல் ஜல்லி 2 அங்குலம். உருண்டைக் கூழாங்கல் சரிவில் நிற்காது, உடைகல்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தண்டைச் சுற்றி மூன்று விரல் அளவு விட்டுப் போட வேண்டும். இலைச்சருகு மூடாக்கு மட்டும் வேண்டாம். ஈரத்தைத் தண்டோடு பிடித்துவைப்பதோடு, சருகுக்குள் புழு சேர, புழுவுக்குக் காட்டுப்பன்றி வந்து மேட்டையே புரட்டிப்போடும். ஜல்லி போட்ட இடத்தைப் பன்றி தொடவில்லை.

களை

முதல் இரண்டு வருடம் முழுக்கக் களைதான் வேலை. கிகுயு புல் இருந்த இடமாக இருந்தால் நடவுக்கு இரண்டு மாதம் முன்பே முள்கரண்டியால் கிளறி, வெள்ளைக் கிழங்குத்தண்டைத் துண்டு விடாமல் பொறுக்க வேண்டும். மண்வெட்டியால் வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு புல்லாகும். ஜூனிபருக்கு நடுவில் கிகுயு ஏறிவிட்டால் கிளையைப் பிய்க்காமல் அதை எடுக்க முடியாது. புளியாரைக்குக் கையால் கிழங்கோடு எடுப்பதே வழி. முழங்கை வரை தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். புரோகம்பென்ஸின் ஊசி கீறிய இடத்தில் பிசின் பட்டால் பலருக்குத் தடிப்பும் அரிப்பும் வரும்.

நிழலையும் களையோடுதான் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வெயில் இல்லாத இடத்தில் இந்தச் செடி வேண்டவே வேண்டாம். சில்வர் ஓக் மரத்தடி அதைவிட மோசம். உதிரும் இலை ஜூனிபர் மேல் பாய் விரித்தது போல் படிந்து, அடியில் உள்ள கிளை வெளிச்சமில்லாமல் பழுப்பாகும். பழுத்த இடம் திரும்பப் பசுமையாவதில்லை. வாரம் ஒருமுறை கையால் கிளையைத் தூக்கி இலையை உதற ஆள் இருந்தால் மட்டும் அங்கே நடுங்கள்.

கவாத்து

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், நம் ஊரில் செடி வெட்டத் தெரிந்த கை எல்லாம் தேயிலை வெட்டிப் பழகிய கை. தேயிலையை மொட்டைக் கொம்பாக வெட்டினாலும் தளிர்த்து வரும். ஜூனிபரில் இலை இல்லாத பழைய கொம்பு தளிர்க்காது. கவாத்துக் கத்தியால் மேலாக ஒரு சீவு சீவினால், பச்சைக்கு அடியில் இருக்கும் பழுப்புக் கொம்பு வெளியே வந்து அப்படியே நிற்கும். கைக்கத்தரிதான் வேண்டும். நீண்டு போன கிளையைப் பிடித்து, உள்ளே போய், இன்னொரு பச்சைப் பக்கக்கிளை பிரியும் முடிச்சில் வெட்ட வேண்டும். வெட்டுவாய் மேலே இருக்கும் கிளைக்கு அடியில் மறைந்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில், காய்ந்த நாளாகப் பார்த்துச் செய்வது.

நோயும் பூச்சியும்

நுனிக்கருகல், அதாவது ஃபோமாப்சிஸ் பூஞ்சை நோய், மழைக்காலத்து இளந்தளிரில் வரும். நுனி 3, 4 அங்குலம் வெளிறி, செம்பழுப்பாகி, சாம்பலாகும். செத்த பகுதிக்கும் உயிருள்ள பகுதிக்கும் நடுவில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊசிமுனை அளவு கருப்புப் புள்ளிகள் தெரியும். வேரழுகலில் முழுக் கிளையோ முழுச் செடியோ மங்கும், இதில் நுனி மட்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் செலவு வீண். ஈரமில்லாத நாளில், பாதித்த இடத்துக்கு 2 அங்குலம் கீழே வெட்டி எரித்துவிட வேண்டும், கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டே. ஜூன் மழைக்கு முன் ஒரு சதவீத போர்டோ கலவை தெளித்தோம்: ஒரு கிலோ மயில்துத்தம் 50 லிட்டரில், ஒரு கிலோ சுண்ணாம்பு 50 லிட்டரில், துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பார்த்து, செம்பு நிறம் ஏறினால் இன்னும் சுண்ணாம்பு. இந்தச் சரிவுக்கு 10 லிட்டர் போதும், எல்லாவற்றையும் பத்தில் ஒன்றாகக் கலந்துகொள்ளலாம். நோயைக் குறைக்கும் பெரிய வழி, மழைக்கு முன் தழைச்சத்து கொடுக்காமல் இருப்பது. முதல் வருடம் உரமே வேண்டாம். பிறகு செப்டம்பரில் செடிக்கு 20 கிராம் 17:17:17 போதும்.

மார்ச்சில் கீழ்க்காற்று வீசிக் காயும்போது சிலந்திப்பேன். தேயிலைச் சிவப்புச் சிலந்தியும் இதுவும் ஒலிகோனிக்கஸ் என்ற ஒரே பேரினம். கிளைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினால் விழும் தூசி நகர்ந்தால் அதுதான். ஹோஸ் பிடித்து அடிப்பக்கத்திலிருந்து வேகமாக நீர் அடித்து, நான்கைந்து நாள் விட்டு மறுபடி அடித்தால் பெரும்பாலும் கட்டுப்படும். தோட்ட எண்ணெய் தெளிக்கச் சொல்வார்கள். புளூ ரக்கில் அதைச் செய்ய வேண்டாம், இலையின் நீலப் பூச்சு எண்ணெயில் கரைந்து செடி வெறும் பச்சையாகிவிடும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் புளூ ரக் ஊதாவாக மாறுவது நோயல்ல, ஏப்ரலில் நிறம் திரும்பும்.

செலவு

இதே 480 சதுர அடியை இன்று முதலிலிருந்து செய்தால், நாங்கள் கொடுத்த விலைப்படி: செடி 39 (4 அடி இடைவெளிக்கு 35, மாற்றுக்கு 4), ஒன்று ₹220 வீதம் ₹8,580. கயிற்று வலை 50 சதுர மீட்டர் ₹3,250. 12 மி.மீ. ஜல்லி 80 கன அடி ₹4,800, 20 மி.மீ. 60 கன அடி ₹3,300, 6 மி.மீ. 14 கன அடி ₹840. 20 அடிக் குழாய் இரண்டு ₹2,600, ஜியோ துணி ₹950, டோலமைட் ₹100. ஆள்கூலி ஒன்பதுக்கு ₹8,100. மொத்தம் ₹32,520, சதுர அடிக்கு ₹68. ஜல்லிக்கு வண்டிக்கூலி இதில் சேர்ந்தது. அடி வடிகாலுக்கான பொருள் மட்டும் ₹6,850. முதல் நடவில் கீழ் இரண்டு வரிசையில் செத்த செடிகளின் விலையும் அதைவிட அதிகம் குறைவில்லை.

அடுத்த முறை 3 அடி இடைவெளி வைக்கமாட்டேன். பிழைத்த மேல் வரிசைகள் இப்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் பழுப்பு சேர்கிறது, காற்றும் போவதில்லை. 4 அடி வைத்தால் மூட ஒரு வருடம் கூடுதலாகும், ஆனால் செடி பாதிதான். ஓரத்திலிருந்து முதல் செடி 2 அடி உள்ளே. கீழ்ப்பகுதிக்கும் ஒரே வகையை நடாமல், நுனிக்கருகலைக் கூடுதலாகத் தாங்கும் சார்ஜென்ட் ஜூனிபர் கிடைத்தால் பாதிக்குப் பாதி கலப்பேன். சொட்டுநீரை நடவன்றே போடுவேன். முதல் கோடையில் செடிக்கு வாரம் 5 லிட்டரைக் குடத்தில் சுமந்தது வீண் உழைப்பு. மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் ஒன்று, வாரம் ஒருமுறை ஒன்றேகால் மணி நேரம் திறந்தால் போதும்.

இடைவெளியை நிரப்பச் செடி வாங்க வேண்டியதும் இல்லை. புளூ ரக்கின் நீண்ட கிளை ஒன்றை அடிப்பட்டையில் லேசாகக் கீறி, ஜல்லியை விலக்கி மண்ணில் அழுத்தி, கம்பிக் கொக்கியால் பிடித்து, நுனி வெளியே தெரிய ஓர் அங்குல மண் போட்டால் பதியம். அக்டோபரில் போட்டதை அடுத்த செப்டம்பரில் தாய்ச்செடியிலிருந்து வெட்டி எடுக்கலாம். குச்சியில் வளர்ப்பதானால் டிசம்பரில், போன வருட மரத்துண்டு கொஞ்சம் ஒட்டியிருக்கும்படி 5 அங்குலப் பக்கக்கிளையைப் பிய்த்து, அடி இலையை உருவி, வேர்விடத் தூண்டும் 3000 பி.பி.எம். ஐ.பி.ஏ. பொடியில் தொட்டு, மூன்று பங்கு பருமணலும் ஒரு பங்கு தென்னைநார்த் தூளும் கலந்த தட்டில் நட்டு, வெளிச்சமான நிழலில் வைக்கவும். வேர்விட மூன்று நான்கு மாதம் ஆகும். அதற்குள் பிடுங்கிப் பார்க்காமல், லேசாக இழுத்துப் பார்த்துப் பிடிமானம் இருந்தால் மட்டும் பைக்கு மாற்றவும்.